பயாப்சி ரிப்போர்ட்டில் ‘லிம்ஃபாய்ட் ஃபாலிக்கிள்’ என்று இருந்தால்: ஹெச். பைலோரியும் மால்ட் லிம்ஃபோமாவும்

#1 | காட்பாடி ஸ்லைடு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனால் இரைப்பை பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் வரும் பயம் மூன்று மாவட்டத்திலும் ஒன்றுதான். ‘லிம்ஃபாய்ட் ஃபாலிக்கிள் உள்ளது’ என்ற வரியைப் படிக்கிறார்கள், போனில் தேடுகிறார்கள், ‘லிம்ஃபோமா’, அதாவது நிணத்திசுப் புற்று, என்று வந்து நிற்கிறது. அன்றைக்குத் தூக்கம் போச்சு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த இழை.

டான்சில், சிறுகுடலின் கடைசிப் பகுதியிலுள்ள பேயர் திட்டுகள் போன்ற இடங்களில் நிணத்திசு இயல்பாகவே உண்டு. இரைப்பைக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஆரோக்கியமான இரைப்பைச் சவ்வில் அங்கொன்றும் இங்கொன்றுமாக சில லிம்ஃபோசைட்டுகள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) இருக்கும், அவ்வளவுதான். நடுவில் வெளிறிய முளைமையத்தோடு (லிம்ஃபோசைட்டுகள் பெருகும் இடம்) உருண்டையாக ஒரு ஃபாலிக்கிள் தெரிந்தால், அதை அங்கே யாரோ வரவழைத்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற சுருள் கிருமி. வருடக்கணக்காக அது சளிப்படலத்துக்கு அடியில் குடியிருக்க, உடம்பு அதை எதிர்க்க அங்கேயே ஒரு முகாம் போடுகிறது. அந்த முகாம்தான் ஃபாலிக்கிள்.

ரிப்போர்ட்டில் வரும் மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘லிம்ஃபாய்ட் அக்ரிகேட்’ என்றால் முளைமையம் இல்லாத சிறு கூட்டம். இரைப்பையின் உடற்பகுதியில் சவ்வின் அடித்தளத்தை ஒட்டி ஒன்றிரண்டு இருந்தால் அதற்குத் தனிப் பொருள் இல்லை. ‘லிம்ஃபாய்ட் ஃபாலிக்கிள்’ என்றால் முளைமையம் உள்ளது. கிருமியைத் தேடு என்று சொல்கிறது. ‘ஐயத்துக்குரிய லிம்ஃபாய்ட் ஊடுருவல்’ என்று எழுதியிருந்தால்தான் அடுத்த கட்டச் சோதனை வேண்டும். இந்த மூன்றாவதையும் புற்றுநோய் என்று வாசிக்கக் கூடாது. ‘இந்தத் துண்டை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை’ என்று பெத்தாலஜிஸ்ட் நேர்மையாக எழுதிய வரி அது.

கிருமி இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லிம்ஃபோமா வருவதே இல்லை. நம் ஊர்ப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கும். சவ்வோடு சேர்ந்த நிணத்திசுவில் பிறக்கும் இரைப்பை மால்ட் லிம்ஃபோமாவோ அரிய நோய். இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

#2 | ஸ்கோப் அறை, ராணிப்பேட்டை

மேடம் சொன்னதை ஸ்கோப் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். ஃபாலிக்கிள்கள் கூட்டமாக இருந்தால் கண்ணுக்கே தெரியும். ஆன்ட்ரம் பகுதியில், அதாவது இரைப்பையின் கீழ்ப்பகுதியில், குளிரில் புல்லரித்த கை மாதிரி சின்னச் சின்னப் பொரிகளாக நிற்கும். ‘நாட்யூலர் கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று எழுதுவது இதைத்தான். பிள்ளைகளிடமும் இளம்பெண்களிடமும் அதிகம் பார்க்கலாம்.

மால்ட் லிம்ஃபோமாவுக்கு இப்படி ஒரு அடையாள முகம் கிடையாது. அதுதான் சிக்கல். ஒருவருக்கு வெறும் சிவப்புத் திட்டு, இன்னொருவருக்கு ஆறாத புண், வேறொருவருக்குத் தடித்த மடிப்பு, சிலருக்கு நிறம் வெளுத்த தட்டையான பகுதி மட்டும். பார்வைக்குச் சாதாரண கேஸ்ட்ரைட்டிஸ் போலவே இருந்து ஏமாற்றவும் செய்யும். எனவே துண்டு எடுப்பதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

வழக்கமான கிருமித் தேடலுக்கு சிட்னி முறைப்படி ஐந்து துண்டு: ஆன்ட்ரத்தில் சிறுவளைவில் ஒன்று, பெருவளைவில் ஒன்று (இரண்டும் இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸிலிருந்து 2-3 செ.மீ. தள்ளி), இன்சிசூராவில் (சிறுவளைவின் மடிப்பில்) ஒன்று, உடற்பகுதியில் இரு வளைவிலும் ஒவ்வொன்று. லிம்ஃபோமா சந்தேகம் என்றால் இது போதவே போதாது. மாறுபட்டுத் தெரியும் இடத்திலிருந்து பல துண்டுகள், அதோடு ஆன்ட்ரம், உடற்பகுதி, உணவுக்குழாய் சேருமிடம், டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்) என்று எல்லா இடத்திலிருந்தும் தனித்தனியாக, தனித்தனிக் குப்பியில். மால்ட் ஒரே நேரத்தில் பல இடங்களில் முளைத்திருக்கக்கூடியது. எல்லாத் துண்டையும் ஒரே குப்பியில் போட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

புண் இருந்தால் அதன் நடுக்குழியில் எடுக்காதீர்கள். செத்த திசுதான் வரும். விளிம்பில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, வரிசை. ரேபிட் யூரியேஸ் டெஸ்டுக்கான துண்டை முதலில் எடுத்து, பிறகு ஃபார்மலின் குப்பிக்குப் போங்கள். மாற்றிச் செய்தால் ஃபோர்செப்ஸ் நுனியில் ஒட்டிய ஃபார்மலின் அடுத்த துண்டில் ஏறும். கிருமி இருந்தும் டெஸ்ட் ‘இல்லை’ என்று காட்டும். ஃபோர்செப்ஸை ஃபார்மலினுக்குள் முக்கி உதறும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஊசி முனையால் துண்டை எடுத்து விடுவதுதான் சரி, அதுவும் மெதுவாக. அழுத்திப் பிடுங்கினால் லிம்ஃபோசைட்டுகள் நசுங்கிக் கறுப்புக் கோடுகளாக இழுபடும். அப்புறம் ஸ்லைடில் எதைப் பார்த்து எதைச் சொல்வது?

#3 | குடியாத்தம் லேப்

சிஸ்டர் யூரியேஸ் டெஸ்ட்டைத் தொட்டதால் அதன் உள்விவரம்.

கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளம். யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். அந்த அம்மோனியாப் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் அது அமிலத்துக்குள் பிழைக்கிறது. டெஸ்ட் ஜெல்லில் யூரியாவும் ஃபீனால் ரெட் சாயமும் இருக்கும். மஞ்சளாக இருக்கும் ஜெல், அம்மோனியா வந்து பி.எச். ஏறினதும் துண்டைச் சுற்றி முதலில் ஆரஞ்சாகி, பிறகு ரோஸ் ஆகிப் பரவும். கிருமி நிறைய இருந்தால் சில நிமிடங்களிலேயே மாறிவிடும். குறைவாக இருந்தால் மணிக்கணக்காகும்.

தவறுகள் நடப்பது இங்கே:

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை அப்படியே பயன்படுத்துவது. குளிர்ந்த ஜெல்லில் வினை மந்தமாக நடக்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு துண்டைப் போடணும்.

திறக்கும்போதே ஆரஞ்சு சாயல் காட்டும் குப்பியைப் பயன்படுத்துவது. அது கெட்டது, தூக்கிப் போடுங்கள்.

24 மணி நேரம் கழித்து ரோஸ் ஆனதை ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவது. மற்ற பாக்டீரியாக்கள் வளர்ந்தும் அந்த நிறம் வரும்.

இரத்தம் கசியும் புண்ணுள்ள நோயாளியின் ‘நெகட்டிவ்’ ரிசல்ட்டை நம்புவது. இரைப்பையில் இரத்தம் இருந்தால் இந்த டெஸ்ட் தவறவிடும் வாய்ப்பு கூடுதல். வேறு முறையில் மறுபடி பார்த்தே ஆகணும்.

ஆன்ட்ரத்தில் ஒரு துண்டோடு நிறுத்தாமல் உடற்பகுதியிலிருந்தும் ஒன்று போட்டால் தவறவிடுவது குறையும். காரணம் அடுத்த பதிவில் வரும் ‘கேஸ் மாத்திரை’யில் இருக்கிறது, மருந்தாளுநர் அண்ணா சொல்லட்டும்.

#4 | ஆற்காடு மருந்தாளுநர்

சொல்கிறேன் தம்பி. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ராபெப்ரசோல் எல்லாம் நம் பக்கம் ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் போகிறது. இவை அமிலத்தை அடக்கியதும் கிருமி ஆன்ட்ரத்தில் குறைந்து, மேலே உடற்பகுதிக்கு ஒதுங்கும். எண்ணிக்கையும் விழும். யூரியேஸ் டெஸ்ட், மூச்சுப் பரிசோதனை, மலத்தில் ஆன்டிஜன் பரிசோதனை மூன்றுமே அப்போது பொய்யாக ‘இல்லை’ சொல்லலாம். எனவே பரிசோதனைக்கு முன் கேஸ் மாத்திரையை 2 வாரம் நிறுத்தணும். ஆன்டிபயாடிக், பிஸ்மத் எது சாப்பிட்டிருந்தாலும் 4 வாரம். இடையில் எரிச்சல் தாங்கவில்லை என்றால் ஆன்டாசிட் ஜெல் குடித்துச் சமாளிக்கலாம்.

ஒரு கேள்வி. இரத்தத்தில் ஹெச். பைலோரி ஐ.ஜி.ஜி. பார்த்துவிட்டு நேரே மாத்திரை எழுதுகிறார்களே, மருந்து முடிந்த பிறகும் அதையே மறுபடி பார்த்து ‘இன்னும் பாசிட்டிவ்’ என்று இரண்டாம் கோர்ஸ் தொடங்குகிறார்களே. இது சரியா?

#5 | காட்பாடி ஸ்லைடு

சரியில்லை அண்ணா. இரத்தத்தில் தெரிவது கிருமி அல்ல, அதற்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடி. கிருமி செத்து மாதங்கள், வருடங்கள் ஆனாலும் அது இருக்கும். போனதா இல்லையா என்று பார்க்க ஐ.ஜி.ஜி. உதவவே உதவாது. அந்தக் காகிதத்தை வைத்து இரண்டாம் கோர்ஸ் கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் அதற்கு வேலை உண்டு. பயாப்சியில் மால்ட் லிம்ஃபோமா உறுதி, ஸ்லைடிலும் மூச்சிலும் மலத்திலும் கிருமி கிடைக்கவில்லை. அப்போது பழைய தொற்று இருந்ததா என்று அறிய இரத்தப் பரிசோதனை கை கொடுக்கும். லிம்ஃபோமா பரவிய சவ்வில் கிருமியின் எண்ணிக்கை குறைந்துபோவது உண்டு.

#6 | பாகாயம் படிப்பறை

கிருமிக்கும் லிம்ஃபோமாவுக்கும் முடிச்சு எப்படி விழுந்தது என்பதைச் சொன்னால்தான், புற்றுநோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது ஏன் என்ற சந்தேகம் தீரும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் இந்தக் கிருமியை முதன்முதலில் வளர்த்தார்கள். 2005-ல் நோபல் பரிசு. அதற்கிடையே 1983-ல் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் சவ்வோடு சேர்ந்த நிணத்திசுவில், அதாவது மால்ட்டில், பிறக்கும் லிம்ஃபோமா தனி வகை என்று விவரித்தார்கள். இரைப்பையில் இயல்பாக அந்தத் திசுவே இல்லையே, இல்லாத திசுவிலிருந்து எப்படிப் புற்று வரும் என்பது அப்போது பெரிய புதிர். 1991-ல் வோதர்ஸ்பூன், ஐசக்சன் குழு 110 நோயாளிகளின் பழைய துண்டுகளைப் பார்த்தது; 92 சதவீதத்தில் கிருமி. புதிருக்கு விடை அதுதான்: திசுவைக் கட்டியதே கிருமி. 1993-ல் ஆறு பேருக்குக் கிருமியை மட்டும் ஒழித்தார்கள். ஐந்து பேரிடம் லிம்ஃபோமா பின்வாங்கியது. 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இயங்கும் விதம் இப்படி. பி செல், டி செல் இரண்டும் லிம்ஃபோசைட் வகைகள். லிம்ஃபோமாவின் பி செல்கள் நேராகக் கிருமியைப் பார்த்துப் பெருகுவதில்லை. பக்கத்திலிருக்கும் டி செல்கள்தான் கிருமியை அடையாளம் கண்டு தூண்டப்படுகின்றன. அவை தரும் உதவியில் பி செல்கள் பெருகுகின்றன. ஆரம்ப கட்டத்தில் கிருமியை எடுத்துவிட்டால் டி செல்களின் தூண்டல் நிற்கும். சோறு நின்ற கூட்டம்போல பி செல்கள் மெல்லக் கலைந்து மடியும். ஆனால் சிலரில் பி செல்லின் குரோமோசோமே உடைந்து மாறி ஒட்டிக்கொள்கிறது. 11-ம் குரோமோசோமின் துண்டும் 18-ம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறினால், என்.எஃப். கப்பா பி என்ற உயிர்பிழைப்புச் சமிக்ஞை உள்ளிருந்தே நிற்காமல் ஓடும். அந்தச் செல்லுக்கு இனி கிருமியும் வேண்டாம், டி செல்லும் வேண்டாம். இதற்கு மாத்திரை வேலை செய்யாது.

நம் மண்ணோடு சேர்ந்த ஒரு பக்கக் கதை. 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் சத்தை உறிஞ்சவிடாத டிராபிகல் ஸ்ப்ரூ என்ற சிறுகுடல் நோய் கொள்ளைநோயாகப் பரவியது, வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கர், மாதன் போன்றவர்கள் வருடக்கணக்கில் அதை ஆராய்ந்தார்கள். அதற்கும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத்தான் கொடுத்தார்கள். சிறுகுடலில் வரும் இப்சிட் என்ற நோயும் மால்ட் குடும்பத்தைச் சேர்ந்த லிம்ஃபோமாதான். அதன் ஆரம்ப கட்டமும் டெட்ராசைக்ளினுக்கு அடங்கும். ஐசக்சன் 1983-ல் இரைப்பை லிம்ஃபோமாவை ஒப்பிட்டுப் பார்த்ததே அந்தக் குடல் நோயோடுதான்.

#7 | காட்பாடி ஸ்லைடு

பாகாயம் சார் விட்ட இடத்திலிருந்து ஸ்லைடுக்கு வருகிறேன். கேஸ்ட்ரைட்டிஸா லிம்ஃபோமாவா என்ற கேள்விக்கு வோதர்ஸ்பூன் அளவுகோல் 0 முதல் 5 வரை. 0 இயல்பு. 1 நாட்பட்ட அழற்சி. 2 அழற்சியோடு நன்றாக வளர்ந்த ஃபாலிக்கிள்கள். 3 ஐயம் உண்டு, ஆனால் எதிர்வினையாகவே இருக்கலாம். 4 ஐயம் உண்டு, லிம்ஃபோமாவாக இருக்கலாம். 5 மால்ட் லிம்ஃபோமா. பயந்துபோய் வருபவர்களில் பலரின் ரிப்போர்ட் இந்த 2-ல்தான் இருக்கும்.

மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் வெட்டி, ஹெச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயம் ஏற்றிப் பார்க்கும்போது என்ன தெரியும்? கேஸ்ட்ரைட்டிஸில் ஃபாலிக்கிள் தன் வேலிக்குள் நிற்கும். சுற்றிலும் பிளாஸ்மா செல்கள் கலந்த கலவைக் கூட்டம். சுரப்பிகள் முழு வட்டமாக இருக்கும். மால்ட்டில் ஃபாலிக்கிளுக்கு வெளியே ஒரே மாதிரியான சிறு செல்கள் வெள்ளம்போலப் பரவியிருக்கும். கருவின் விளிம்பு லேசாக நெளிந்திருக்கும். அதைச் சுற்றி வெளிறிய சைட்டோபிளாசம். அந்த வெள்ளம் சுரப்பியை முட்டி உள்ளே நுழையும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட செல்கள் கூட்டமாகச் சுரப்பி எபிதீலியத்துக்குள் (சுரப்பியின் உள்வரிச் செல்லடுக்கு) புகுந்து அதை உருக்குலைத்திருந்தால் ‘லிம்ஃபோஎபிதீலியல் லீஷன்’. கரையான் புகுந்த நிலைச்சட்டம் மாதிரி சுரப்பியின் வெளிவட்டம் மட்டும் மிஞ்சி உள்ளே அரித்துப் போயிருக்கும். ஒன்றிரண்டு லிம்ஃபோசைட் எபிதீலியத்தில் உட்கார்ந்திருப்பதை இந்தப் பெயரில் எழுதக் கூடாது. அவை பெரும்பாலும் டி செல்கள்.

கிருமியைப் பார்க்க ஜீம்சா சாயம் மலிவு, போதுமானது. குழிகளின் வாயில் சளியோடு ஒட்டி நீல நிறத்தில் வளைந்த குச்சிகள். நீளம் சுமார் 3 மைக்ரான்.

இம்யூனோவுக்கு (செல்லின் புரதங்களை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) அனுப்பினால் சி.டி. 20 பாசிட்டிவ், சி.டி. 5, சி.டி. 10, சைக்ளின் டி1 மூன்றும் நெகட்டிவ் என்பது மால்ட்டின் வழக்கமான முகம். பிந்தைய மூன்றும் மற்ற சிறுசெல் லிம்ஃபோமாக்களைத் தள்ளிவைக்க. சைட்டோகெராட்டின் போட்டால் அரித்த சுரப்பிகள் பழுப்பாக எடுத்துக்காட்டும். பிளாஸ்மா செல்களில் கப்பா, லாம்டா இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஒரே குலத்துப் பெருக்கம் என்று தெரியும்.

பெரிய செல்கள் திட்டுத் திட்டாகப் படர்ந்து நின்றால் அது மால்ட் என்ற பெயரிலேயே எழுதப்படக் கூடாது. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமா என்று தனியாக எழுதணும். அதன் சிகிச்சைப் பாதை வேறு, அவசரமும் வேறு.

#8 | ஆற்காடு மருந்தாளுநர்

சிகிச்சைக்கு வருவோம். கிருமி மட்டும் இருந்தாலும் சரி, மால்ட்டும் சேர்ந்து இருந்தாலும் சரி, முதல் மருந்து ஒன்றே. இதை நோயாளிக்குச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் நம்பிக்கைக்கு ஈடில்லை. ஆனால் அந்தப் பதினான்கு நாளைச் சரியாகச் செய்யணும்.

பிஸ்மத் சேர்ந்த நான்மருந்து முறை: பி.பி.ஐ., அதாவது கேஸ் மாத்திரை (ஒமெப்ரசோல் 20 மி.கி. அல்லது அதற்கு நிகரானது) இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன். பிஸ்மத் சப்சிட்ரேட் 120 மி.கி. நான்கு வேளை, டெட்ராசைக்ளின் 500 மி.கி. நான்கு வேளை; மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை. 14 நாள். கணக்குப் போட்டால் 28 + 56 + 56 + 42, மொத்தம் 182. கடையில் வாங்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். ‘ஏழு நாளைக்குக் கொடுங்க, பார்க்கலாம்’ என்று கேட்பவருக்கு அரைக் கோர்ஸ் விற்பதைவிட விற்காமலே இருக்கலாம். அரைகுறையாகச் சாப்பிட்டால் எஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அதே மருந்து செல்லாது.

கிளாரித்ரோமைசின் 500, அமாக்சிசிலின் 1 கிராம், பி.பி.ஐ. மூன்றும் சேர்ந்த கிட் நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. எல்லாம் இரண்டு வேளைதான், சாப்பிடவும் எளிது. ஆனால் கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு பெருகிக்கொண்டே போவதால், மருந்து வேலை செய்யுமா என்று சோதிக்காமல் இதைத் தொடங்க வேண்டாம் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். சளி, தொண்டைவலி என்று முன்பே அசித்ரோமைசின் அடிக்கடி சாப்பிட்டவருக்கு இது தோற்கவே வாய்ப்பு அதிகம். மெட்ரோனிடசோலுக்கும் இந்தியாவில் எதிர்ப்பு மிக அதிகம். பேதிக்கெல்லாம் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்ட பலன். நான்மருந்து முறையில் பிஸ்மத்தும் 14 நாள் நீளமும் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும்.

டெட்ராசைக்ளின் 500 கிடைக்காவிட்டால் டாக்ஸிசைக்ளின் கொடுத்துவிடுவது பெரிய தவறு. பெயர் ஒரே குடும்பம்தான், ஆனால் இந்தக் கிருமியிடம் அது பலவீனம். கடை கடையாகக் கேளுங்கள், இல்லையென்றால் எழுதியவரிடமே திரும்பப் போங்கள்.

முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டியவை: மலம் கறுக்கும், நாக்கும் கறுக்கலாம், இரண்டும் பிஸ்மத்தால், பயமில்லை. (ஆனால் தார் மாதிரி ஒட்டும், நாற்றமடிக்கும் கறுப்பு மலமும் தலைசுற்றலும் இருந்தால் அது இரத்தக்கசிவு, உடனே போகணும்.) வாயில் உலோகக் கசப்பு மெட்ரோனிடசோலால். மது கூடாது, கோர்ஸ் முடிந்தும் 3 நாள் வரை. கர்ப்பிணிக்கும் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் டெட்ராசைக்ளின் கூடாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமாக்சிசிலின் கிட் கூடாது. கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர் கிளாரித்ரோமைசினோடு சேர்த்து எடுக்கக் கூடாது. தசை உருகும் அபாயம் உண்டு. பீடி, சிகரெட் விட முடியாவிட்டாலும் அந்த 14 நாளாவது விடுங்கள். புகைப்பவரிடம் கோர்ஸ் தோற்பது அதிகம்.

#9 | வாலாஜா உணவியல்

அண்ணா, ஒன்றைச் சேர்க்கணும். பால், தயிர், மோர் இவற்றில் உள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஏறவிடாது என்று எல்லாரும் சொல்கிறோம். கேழ்வரகை யாரும் சொல்வதில்லை. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 300 மி.கி.க்கு மேல். காலையில் கூழ் குடித்த கையோடு கேப்சூலைப் போட்டால் பாலோடு போட்டது மாதிரிதான். ஆடி மாசத்தில் கோர்ஸ் எடுப்பவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். கூழை நிறுத்தத் தேவையில்லை, டெட்ராசைக்ளினுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் இடைவெளி போதும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஆன்டாசிட் ஜெல்லுக்கும் அதே 2 மணி.

‘காரம் சாப்பிட்டதால் வந்தது, தோல் ஷாப்புத் (தோல் பதனிடும் ஆலை) தண்ணீரால் வந்தது’ என்று இரண்டு பேச்சு இங்கே ஓயாமல் ஓடும். பாலாற்றங்கரையில் குரோமியம் கலந்தது உண்மையான, தனியாகப் போராட வேண்டிய பிரச்சினை. ஆனால் இரைப்பையில் ஃபாலிக்கிளைக் கட்டியது கிருமி. அது பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, வாய்வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது, கக்கூஸ் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சோற்றை மென்று பிள்ளைக்கு ஊட்டாமலிருப்பது, இவைதான் தடுப்பு.

#10 | ஆற்காடு மருந்தாளுநர்

கேழ்வரகைக் கேட்டுக்கொடுக்கணும் என்பது நல்ல குறிப்பு. பிஸ்மத்தையும் டெட்ராசைக்ளினையும் பிரித்து வைக்க வேண்டாம் என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட முறை இது. நான்கு வேளையைப் பிரித்து எட்டு வேளையாக்கினால் யாரும் முடிக்க மாட்டார்கள்.

#11 | குடியாத்தம் லேப்

கோர்ஸ் முடிந்த பிறகு ஒழிந்ததா என்று உறுதி செய்வதை விட்டுவிடுகிறோம். வலி நின்றது கணக்கில் வராது. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம், மால்ட் என்றால் 6 வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை 2 வாரம் நிறுத்தி மூச்சுப் பரிசோதனை. கார்பன் 13-ல் கதிரியக்கம் இல்லை. கார்பன் 14-ல் மிகச் சிறிதளவு உண்டு, கர்ப்பிணிக்கும் பிள்ளைகளுக்கும் தவிர்க்கணும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, புகையிலையும் கூடாது. மூச்சுப் பரிசோதனை அருகில் இல்லாவிட்டால் மலத்தில் மோனோகுளோனல் ஆன்டிஜன் பரிசோதனை. மாதிரியை அன்றே கொண்டுவரணும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுவரணும். மே மாத வெயிலில் டப்பாவோடு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்த மாதிரியை நம்ப முடியாது.

#12 | ஸ்கோப் அறை, ராணிப்பேட்டை

ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். மால்ட் உள்ளவருக்குக் கிருமி போய்விட்டது, மூச்சுப் பரிசோதனை நெகட்டிவ். மூன்று மாதம் கழித்து ஸ்கோப் பார்த்தால் துண்டில் லிம்ஃபோமா இன்னும் இருக்கிறது. ‘காத்திருங்கள்’ என்று அனுப்புகிறார்கள். புற்று என்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு எதுவும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்புவது எந்த வகையில் சரி? அந்த வீட்டில் எல்லாரும் நடுங்கிக்கொண்டு இருப்பார்கள்.

#13 | பாகாயம் படிப்பறை

நடுக்கம் நியாயமானது சிஸ்டர். அதனால்தான் காத்திருப்பை ‘எதுவும் செய்யாமை’ என்று நோயாளி எடுத்துக்கொள்ளாதபடி, எதற்காக எவ்வளவு நாள் என்று எழுதியே கொடுக்கணும்.

ஆரம்ப கட்ட இரைப்பை மால்ட்டில் கிருமி ஒழிந்தபின் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு லிம்ஃபோமா முழுமையாகப் பின்வாங்குகிறது. ஆனால் சிலருக்கு மூன்று மாதத்தில் நடப்பது வேறு சிலருக்கு ஒரு வருடம், ஏன், இரண்டு வருடம்கூட எடுக்கும். மெதுவாக வளரும் நோய், மெதுவாகவே கலையும். மூன்றாம் மாதத் துண்டில் மிச்சம் இருப்பது தோல்வி ஆகாது. சவ்வு முன்பைவிட ஆறியிருக்கிறதா, ஊடுருவல் அளவு குறைந்திருக்கிறதா என்பதே கேள்வி. நோய் வளரவில்லை, தொந்தரவு இல்லை என்றால் குறைந்தது 12 மாதம் பொறுக்கலாம். ஸ்கோப் மட்டும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை தவறக் கூடாது. துண்டை ‘முழு நிவாரணம், நுண்ணளவு மிச்சம், குறைந்துவரும் மிச்சம், மாற்றமில்லை’ என்று ஜெலா முறைப்படி நான்காகப் பிரித்து எழுதினால் முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடலாம். பி.சி.ஆர். போட்டு ‘ஒரே குலச் செல் இன்னும் தெரிகிறது’ என்று வந்தால் அதற்காக மட்டும் சிகிச்சை தொடங்கக் கூடாது. ஸ்லைடு சுத்தமானபின்னும் அது வருடக்கணக்கில் தெரியலாம்.

காத்திருக்கக் கூடாதவர்கள் யார்? 11-18 இடமாற்றம் உள்ளவர்கள். குரோமோசோம் மாற்றத்தைக் காட்டும் ஃபிஷ் பரிசோதனையில் தெரியும். கிருமியே இல்லாத மால்ட்டும் குறைவாகவே இறங்கும். ஆனாலும் அவர்களுக்கும் ஒரு கோர்ஸ் கொடுத்துப் பார்ப்பது வழக்கம், பரிசோதனை தவறவிட்ட கிருமியாக இருக்கலாம் அல்லவா. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் நோய் தசையடுக்கைத் தாண்டியோ, பக்கத்து நிணக்கணுவிலோ இருந்தால் மாத்திரைக்கு மட்டும் அடங்கும் வாய்ப்பு குறைவு. பெரிய செல்லாக மாறியிருந்தால் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு, நோய் இரைப்பைக்குள் மட்டும் இருந்தால் கதிர்வீச்சு. 24 முதல் 30 கிரே, மூன்று நான்கு வாரத்தில் பிரித்து. மிகப் பெரும்பாலோருக்கு முழு நிவாரணம் கிடைக்கும் சிகிச்சை இது. பரவியிருந்தால் ரிடுக்சிமாப் (பி செல்களைத் தாக்கும் ஆன்டிபாடி மருந்து), தனியாகவோ கீமோவோடோ. ரிடுக்சிமாபுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பார்க்காமல் தொடங்கக் கூடாது. தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் எழுந்து கல்லீரலைச் சிதைத்துவிடும். இரைப்பையை அறுத்து எடுப்பது இன்று ஓட்டை விழுந்தாலோ, நிற்காத இரத்தக்கசிவுக்கோ மட்டும்தான்.

#14 | ஸ்கோப் அறை, ராணிப்பேட்டை

சரி, இப்போது புரிகிறது. ‘12 மாதம், 3 முதல் 6 மாதத்துக்கொரு ஸ்கோப்’ என்று தேதியோடு எழுதிக் கொடுத்தால் வீட்டாருக்கும் தெம்பு. முழு நிவாரணம் வந்தபின் எத்தனை நாள் பார்க்கணும்?

#15 | பாகாயம் படிப்பறை

முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை. லிம்ஃபோமா திரும்புவதைவிட, அதே சவ்வில் சாதாரண இரைப்பைப் புற்று வரும் அபாயம் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதாலும்தான் இந்தக் கண்காணிப்பு. லிம்ஃபோமா திரும்பினால் முதலில் கிருமி திரும்பியதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

#16 | காட்பாடி ஸ்லைடு

வெளியூரிலிருந்து வேலூருக்கு இரண்டாம் கருத்துக்கு வருபவர்களுக்காக ஒன்று. ரிப்போர்ட் தாளையும் ஸ்லைடையும் மட்டும் கொண்டுவந்தால் போதாது. பாரஃபின் பிளாக்கை, அதாவது துண்டைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியை, கேட்டு வாங்குங்கள். இம்யூனோவும் ஃபிஷ்ஷும் அதிலிருந்துதான் புதிதாக வெட்டிப் போட முடியும். எந்தக் குப்பி எந்த இடத்தினுடையது என்ற எண் பட்டியலும் வேண்டும். முதல் ஸ்கோப், மருந்துக்குப் பிந்திய ஸ்கோப் இரண்டின் பிளாக்கும் சேர்ந்து வந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கத்திரி வெயிலில் பிளாக்கை வண்டி சீட்டுக்கு அடியிலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள். மெழுகு 56 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும் மூடிய காருக்குள் அதற்குக் கீழேயே இளகி, துண்டு இடம் பெயர்ந்துவிடும். டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, கைப்பையில் மடியிலேயே கொண்டுவாருங்கள்.